மறுபடியும் ‘யார் நீ’ என்று கேட்கும் சர்வர்

மொரீஷியஸில் தைப்பூசத்துக்கு அரசு விடுமுறை உண்டு. அதற்குப் பத்து நாள் முன்பே கோயில்களில் கொடியேறி விரதம் தொடங்கிவிடும். காவடி எடுப்பவர் யார், பால்குடம் யார், அலகு குத்திக்கொள்பவர் யார், கூட நடந்து வரும் வீட்டார் எத்தனை பேர் என்று முன்கூட்டியே எழுதி வைத்தால்தான் ஊர்வலத்துக்கும் தண்ணீர்ப் பந்தலுக்கும் இலை போட்டுப் பரிமாறும் ஏழு கறிச் சாப்பாட்டுக்கும் ஏற்பாடு செய்ய முடியும். நான் இங்குள்ள எபேன் சைபர்சிட்டி என்ற தகவல் தொழில்நுட்ப வளாகத்தில் மென்பொருள் வேலை பார்க்கிறவன். எங்கள் வீட்டுக்குப் பக்கத்துக் கோயிலில் 2023-இல் இந்தப் பதிவை நோட்டுப் புத்தகத்திலிருந்து டேப்லெட்டுக்கு மாற்றினார்கள். அந்த வேலையில் எனக்கும் பங்கு இருந்தது.

அமைப்பு சாதாரணமானதுதான். மண்டபத்தில் நான்கு மேசை, நான்கு டேப்லெட். அவை எங்கள் சிறிய சர்வரோடு பேசும். உறுப்பினர் பட்டியலும் நன்கொடைக் கணக்கும் வேறொரு மென்பொருள் நிறுவனத்தின் பழைய வெப் சர்வீஸில், அதாவது இணையம் வழியாக இன்னொரு புரோகிராம் அழைத்துப் பயன்படுத்தும் சேவையில், இருந்தன. அதன் சர்வர் பிரான்ஸில். எனவே எங்கள் சர்வர் அந்தச் சர்வீஸை அழைத்துப் பெயரைத் தேடும், பதிவைச் சேர்க்கும்.

முதல் நாள் மாலை ஐந்து மணிக்கு எல்லோரும் லாகின் செய்தார்கள். ஆறு மணிக்குத் தீபாராதனை. மேசையை விட்டு எழுந்து போய், கும்பிட்டு, பிரசாதம் கொடுத்துவிட்டு ஆறே முக்காலுக்குத் திரும்பி வந்தார்கள். ஓர் அக்கா ஒரு பெரிய குடும்பத்தின் பதினான்கு பேர் விவரத்தையும் பொறுமையாகத் தட்டச்சு செய்து ‘சேமி’ பொத்தானை அழுத்தினார். திரையில் பிழைச் செய்தி. தட்டச்சு செய்தது எதுவும் இல்லை. அவர் இங்கே எல்லோரும் பேசும் கிரியோல் மொழியில் சொன்னதைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: “தம்பி, இவ்வளவு நேரம் என்னோட பேசிட்டு, இப்ப மறுபடியும் யார் நீன்னு கேக்குது.”

லாகின் செய்தவர் யார் என்பதைச் சர்வர் கொஞ்ச நேரம் நினைவில் வைத்திருப்பதைச் செஷன் என்பார்கள். அதன் முழுச் சிக்கலும் அந்த ஒரு வாக்கியத்தில் இருக்கிறது.

இணையம் ஓடும் எச்.டி.டி.பி. நெறிமுறைக்கு நினைவு கிடையாது. கேள்வி வரும், பதில் போகும், அத்தோடு உறவு முடிந்தது. அடுத்த கேள்வியைக் கேட்பவர் சற்றுமுன் கேட்ட அதே ஆள்தானா என்று அந்த நெறிமுறை அளவில் சர்வருக்குத் தெரிய வழியில்லை. இது தவறிப்போய் நேர்ந்த குறை இல்லை. பக்கங்களைக் கேட்டு வாங்கிப் படிப்பதற்காகச் செய்த ஏற்பாட்டில், படிப்பவர் யார் என்பதை நினைவில் வைக்கத் தேவை இருக்கவில்லை. கடை வைத்து விற்க ஆரம்பித்தபோதுதான் தேவை வந்தது. 1994-இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் லூ மொன்டுலி குக்கீயை, அதாவது சர்வர் கொடுத்துப் புரவுசர் வைத்துக்கொள்ளும் சிறு குறிப்பை, கொண்டுவந்தார். நெட்ஸ்கேப் அப்போது எம்.சி.ஐ. என்ற தொலைத்தொடர்பு நிறுவனத்துக்காக ஒரு விற்பனைத் தளம் செய்துகொண்டிருந்தது. பாதியில் நிற்கும் வாங்கல் விவரங்களைத் தங்கள் சர்வரில் சுமக்க எம்.சி.ஐ.க்கு விருப்பமில்லை. அவற்றை வாங்குபவரின் கணினியிலேயே வைக்க வழி கேட்டார்கள். குக்கீ பிறந்த காரணம் அதுதான்.

பிறகு நடந்தது நேர் எதிர். குக்கீக்குள் விவரங்களை வைப்பதற்குப் பதில் ஓர் எண்ணை மட்டும் வைத்தார்கள். விவரமெல்லாம் சர்வரில் தங்கியது. நம் கோயில்களில் செருப்பு விடும் இடத்தில் தரும் டோக்கன் மாதிரி. டோக்கனில் உங்கள் பெயர் இல்லை, செருப்பின் நிறம் இல்லை. ஓர் எண் மட்டும். செருப்பு காப்பவரிடம், எண் உங்களிடம். டோக்கனைத் தொலைத்தால் செருப்பு அங்கேயே இருந்தும் வாங்க முடியாது. வேறொருவர் கையில் அது கிடைத்தால், அவர் நீட்டினாலும் செருப்பு வந்துவிடும். செருப்பு காப்பவர் கடையை மூடிவிட்டுப் போனால் டோக்கன் கையில் இருந்தும் பயனில்லை. செஷன் சம்பந்தமாக நான் பார்த்த கோளாறுகளில் பெரும்பாலானவை இந்த மூன்றில் ஒன்றுதான்.

புரவுசர் வழியாக நடக்கும்வரை டோக்கனைப் பத்திரமாக வைத்துக்கொள்வது யார் பொறுப்பு என்ற கேள்வியே எழாது. சர்வர் குக்கீ அனுப்பினால் புரவுசர் வாங்கி வைத்து, அடுத்த முறை தானாக நீட்டும். தொலைதூர வெப் சர்வீஸை அழைப்பது ஒரு புரோகிராம். அதற்கு அந்தப் பழக்கம் இல்லை. நாம்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும். இதை அறியாமல் எத்தனையோ பேர் நாள்கணக்கில் தவித்திருக்கிறார்கள். லாகின் என்ற அழைப்பு வெற்றி. அடுத்த வரியில் பட்டியலைக் கேட்டால் ‘லாகின் செய்யவில்லை’ என்று பதில். இரண்டு வரியும் ஒன்றன் கீழ் ஒன்றாக நிற்கின்றன. நடுவில் என்ன தொலைந்தது என்று கண்ணுக்குத் தெரியாது.

ஜாவாவின் ஜாக்ஸ்-டபிள்யூ.எஸ். முறையில் செஷனைத் தொடர்வதற்கென்றே ஓர் அமைப்பு இருக்கிறது. ஆனால் நாம் தொடாதவரை அது அணைந்தே இருக்கும். மைக்ரோசாஃப்டின் பழைய ஏ.எஸ்.எம்.எக்ஸ். சர்வீஸ்களில் இரு பக்கமும் வேலை உண்டு. சர்வரில் வெளியிலிருந்து அழைக்கக்கூடிய ஒவ்வொரு வெப் மெத்தடுக்கும் தனியாகச் செஷனை அனுமதிக்க வேண்டும். அழைக்கும் பக்கத்தில் குக்கீகளை ஏந்தும் குக்கீ கன்டெய்னர் ஒன்றை நாமே செய்து மாட்ட வேண்டும். மாட்டாவிட்டால் வந்த குக்கீ காற்றில் போகும். சோப் என்பது எக்ஸ்.எம்.எல். வடிவில் செய்தி பரிமாறும் வெப் சர்வீஸ் முறை. அதை அழைக்கும் பி.எச்.பி.யின் சோப் கிளையன்ட் கொஞ்சம் இரக்கமுள்ளது. ஒரே ஆப்ஜெக்ட் உயிரோடு இருக்கும்வரை குக்கீயைத் தானே ஏந்திக்கொள்ளும். ஆனால் பி.எச்.பி.யில் ஒரு பக்கம் முடிந்ததும் அந்த ஆப்ஜெக்டும் முடிந்துவிடும். அடுத்த பக்கத்தில் புது ஆப்ஜெக்ட், வெறுங்கை. முதல் பக்கத்தில் கிடைத்த குக்கீயை எடுத்து நம் சொந்தச் செஷனில் பத்திரப்படுத்தி, அடுத்த பக்கத்தில் திரும்ப மாட்டிவிட்டால்தான் தொடரும். பைத்தானின் ரிக்வெஸ்ட்ஸ் நூலகத்திலும் தனித்தனியாக அழைத்தால் நினைவு இராது. செஷன் ஆப்ஜெக்ட் ஒன்றை உருவாக்கி அதன் வழியாகவே எல்லா அழைப்பையும் செய்ய வேண்டும்.

இதற்கு நேர்மாறான ஆபத்து ஒன்று இருக்கிறது. அதைப் பற்றி நான் அதிகம் கவலைப்படுகிறேன். புதிய டாட்நெட்டில் எச்.டி.டி.பி. கிளையன்ட் ஃபேக்டரி உள்ளுக்குள் இணைப்புகளைச் சேர்த்து வைத்துப் பலருக்கும் மாற்றி மாற்றிக் கொடுக்கிறது. அதோடு குக்கீ கன்டெய்னரும் பகிரப்படக்கூடும் என்று மைக்ரோசாஃப்டே தன் ஆவணத்தில் எச்சரிக்கிறது. அதாவது முதல் மேசை அக்காவின் பேரில் வாங்கிய டோக்கன், மூன்றாம் மேசைத் தம்பியின் அழைப்போடு சேர்ந்து போகலாம். பிழைச் செய்தி எதுவும் வராது. எல்லாம் சரியாக நடப்பதுபோல் தோன்றும். பதிவு மட்டும் வேறொருவர் பெயரில் ஏறும். குக்கீ தொலைந்தால் உடனே தெரிந்துவிடும், சரிசெய்துவிடலாம். கலந்துபோனால் மாதக்கணக்கில் தெரியாது. நன்கொடைக் கணக்கில் அப்படி ஒரு கலப்பு நடந்தால் யாரை என்ன கேட்பது?

எங்கள் கோளாறுக்கு வருகிறேன். தீபாராதனைக்குப் போய்வந்த இடைவெளியில் காலாவதியானது என்பது உடனே புரிந்தது. பெரும்பாலான சர்வர் மென்பொருள்களில் சும்மா இருக்கும் செஷன் அரை மணிக்குள் போய்விடும். ஏ.எஸ்.பி. டாட்நெட்டில் இயல்பு அளவு 20 நிமிடம், டாம்கேட்டில் 30 நிமிடம். பி.எச்.பி.யில் 1440 வினாடி, அதாவது 24 நிமிடம். அதற்குப் பிறகு எப்போது துடைக்கப்படும் என்பது துப்புரவு வேலை எப்போது ஓடுகிறது என்பதைப் பொறுத்தது.

இரண்டாம் நாள்தான் உண்மையாகவே குழம்பிப்போனோம். யாரும் எழுந்து போகவில்லை. விடாமல் பதிவு செய்துகொண்டிருந்தார்கள். அப்படியும் பிழை வந்தது. காரணத்தைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு இரவு ஆனது.

அங்கே இருந்தது ஒரு செஷன் இல்லை, இரண்டு. டேப்லெட்டுக்கும் எங்கள் சர்வருக்கும் இடையில் ஒன்று; எங்கள் சர்வருக்கும் பிரான்ஸ் சர்வீஸுக்கும் இடையில் இன்னொன்று. இரண்டுக்கும் தனித்தனிக் கடிகாரம். பிரான்ஸுக்கு அடிக்கடி போக வேண்டாம் என்று உறுப்பினர் பட்டியலின் நகல் ஒன்றை எங்கள் சர்வரிலேயே வைத்திருந்தோம். பெயரைத் தேடுவதெல்லாம் அந்த நகலில் நடந்தது. பதிவுகளையும் ஒரு குடும்பம் முழுதாக முடிந்த பிறகே மொத்தமாக அனுப்பினோம். மேசையில் இருந்தவர்கள் விரல் ஓயாமல் தட்டினார்கள், எங்கள் செஷன் ஒவ்வொரு தட்டிலும் புத்துயிர் பெற்றது. பிரான்ஸ் சர்வீஸுக்கோ அரை மணி நேரமாக ஒரு அழைப்பும் வரவில்லை. ‘இவர்கள் போய்விட்டார்கள்’ என்று அது தன் செஷனை மூடிவிட்டது. வேகத்துக்காகச் செய்த நகலே செஷனைக் கொன்றது.

இன்னொரு சர்வீஸை நம்பி நடக்கும் எந்த அமைப்பிலும் இந்த இரட்டைக் கடிகாரம் இருக்கும். உள்ளூர் செஷன் உயிரோடிருப்பதால் தொலைதூரச் செஷனும் உயிரோடிருக்கும் என்று நினைத்துக்கொள்வதுதான் பிழையின் வேர். சிலர் சில நிமிடங்களுக்கு ஒருமுறை சும்மா ஓர் அழைப்பை அனுப்பி அந்தப் பக்கத்தை விழித்திருக்கச் செய்வார்கள். எனக்கு அது பிடிக்காத வழி. டேப்லெட்டை அணைக்காமல் வீட்டுக்குப் போய்விட்டவருடைய செஷனும் விடிய விடிய உயிரோடு இருக்கும். காலாவதி என்ற பாதுகாப்பை வைத்ததன் நோக்கமே போய்விடும்.

சரி, காலாவதியானால் ஆகட்டும், மறுபடி லாகின் செய்து அதே அழைப்பை மீண்டும் அனுப்பினால் போயிற்று என்று தோன்றும். சரியான வழிதான். ஆனால் காலாவதியானது என்று எப்படித் தெரிந்துகொள்வது? எச்.டி.டி.பி.யில் அதற்கு 401 என்ற குறியீடு உண்டு. எங்களுக்கு வந்தது 500. சோப் 1.1 முறைப்படி, சர்வீஸுக்குள் எந்தத் தவறு நடந்தாலும் அதை 500 என்ற குறியீட்டோடுதான் திருப்ப வேண்டும். பெயர் தவறு, டேட்டாபேஸ் விழுந்தது, செஷன் முடிந்தது எல்லாவற்றுக்கும் ஒரே 500. உள்ளே இருக்கும் பிழைச் செய்தியைப் பிரித்துப் பார்த்துத்தான் வேறுபாடு அறிய வேண்டும். இன்னும் மோசமான சர்வீஸ்களையும் பார்த்திருக்கிறேன். செஷன் முடிந்ததும் அழைப்பை லாகின் பக்கத்துக்குத் திருப்பிவிடும். மனிதர் என்றால் அந்தப் பக்கத்தைப் பார்த்துப் பெயரும் கடவுச்சொல்லும் கொடுப்பார். புரோகிராமோ எக்ஸ்.எம்.எல். வரும் என்று காத்திருந்து, வந்த எச்.டி.எம்.எல்.லைப் பிரிக்க முயன்று, ‘இலக்கணம் தவறு’ என்று புலம்பும். பிழைப் பதிவேட்டைப் படிப்பவர் எக்ஸ்.எம்.எல்.லில் கோளாறு தேடிக்கொண்டிருப்பார். கோளாறு இருக்கும் இடம் வேறு.

ஒரு சர்வீஸை எழுதுகிறவர் செய்யக்கூடிய பெரிய உதவி, ‘உன் செஷன் முடிந்துவிட்டது’ என்பதை வேறெந்தப் பிழையோடும் குழம்பாதபடி தனியாகச் சொல்வது. அழைக்கும் பக்கம் அதைக் கேட்டால் ஒரு முறை, ஒரே ஒரு முறை, மறுபடி லாகின் செய்து பார்க்கலாம். ‘ஒரே ஒரு முறை’ என்பதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. கடவுச்சொல்லே மாற்றப்பட்டிருந்தால், எல்லையில்லாமல் முயலும் புரோகிராம் சில வினாடிகளில் அந்தக் கணக்கைப் பூட்ட வைத்துவிடும். நான்கு மேசையும் ஒரே கணத்தில் காலாவதியைச் சந்தித்தால் நான்கும் ஒன்றாக லாகினுக்கு ஓடக்கூடாது. ஒன்று ஓட, மற்றவை காத்திருந்து அது கொண்டுவரும் டோக்கனை வாங்கிக்கொள்ள வேண்டும். ஒரு கணக்குக்கு ஒரு செஷன்தான் என்று கட்டுப்பாடு வைத்திருக்கும் சர்வீஸில், பின்னால் ஓடியவர் முன்னால் ஓடியவரின் டோக்கனைச் செல்லாததாக்கிவிடுவார். அப்புறம் நான்கு பேரும் மாறி மாறி ஒருவரையொருவர் வெளியே தள்ளிக்கொண்டே இருப்பார்கள்.

ஒவ்வொரு அழைப்புக்கும் முன்னால் புதிதாக லாகின் செய்துவிட்டால் இந்தத் தொல்லையே இல்லையே என்று கோயிலில் ஒரு தம்பி கேட்டான். நல்ல கேள்வி. ஒரே கட்டடத்துக்குள் இருக்கும் சர்வர் என்றால் அப்படியே செய்துவிடலாம். தீவில் இருப்பவர்களுக்குத் தூரம் குறுக்கே நிற்கிறது. இங்கிருந்து பாரிஸ் நேர்கோட்டில் ஏறக்குறைய 9,400 கிலோமீட்டர். கண்ணாடி இழைக்குள் ஒளி வினாடிக்கு ஏறத்தாழ 2,00,000 கிலோமீட்டர் போகும். போய்வர 94 மில்லி வினாடி. அதுவும் கேபிள் நேர்கோட்டில் கிடந்தால். கேபிள் அப்படிக் கிடப்பதில்லை. 2002-இல் இயங்கத் தொடங்கிய சேஃப் கேபிள் தென்னாப்பிரிக்காவிலிருந்து ரீயூனியன், மொரீஷியஸ் வழியாகக் கொச்சிக்கும் பினாங்குக்கும் போகிறது. 2021-இல் வந்த மெட்டிஸ் கேபிள் எங்களையும் ரீயூனியனையும் மடகாஸ்கரையும் தென்னாப்பிரிக்காவோடு இணைக்கிறது. ஐரோப்பாவுக்குப் போகும் நம் அழைப்பு கடலுக்கடியில் ஒரு கண்டத்தையே சுற்றிக்கொண்டு போக நேரிடும். அந்த 94-ஐ யாரும் குறைக்க முடியாது. அதற்கு மேல்தான் எப்போதும் ஆகும்.

ஒரு லாகினுக்கு ஒரு முறை போய்வந்தால் போதாது. டி.சி.பி. இணைப்புக்கு ஒரு முறை. டி.எல்.எஸ். 1.2 என்றால் மறைகுறியாக்கத்துக்கு இரண்டு முறை. 2018-இல் வெளியான டி.எல்.எஸ். 1.3 அதை ஒன்றாகக் குறைத்தது. பிறகுதான் உண்மையான கேள்வி. பழைய முறையில் மொத்தம் நான்கு பயணம், குறைந்தபட்சக் கணக்கிலேயே 376 மில்லி வினாடி. இதற்குப் பின்னால்தான் நமக்கு வேண்டிய அழைப்பு. ஆகவே செஷனை வைத்துக்கொள்வதைப் போலவே, திறந்த இணைப்பை மூடாமல் மறுபடி மறுபடி பயன்படுத்துவதும் இங்கே முக்கியம். இரண்டும் வேறு வேறு என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இணைப்பு அறுந்தால் செஷன் போகாது. செஷன் போனாலும் இணைப்பு இருக்கும். இரண்டையும் ஒன்றென்று நினைத்து எழுதிய புரோகிராம்கள் எபேனில் நான் பார்த்ததுண்டு.

சர்வர் பக்கம் நினைவை எங்கே வைப்பது என்பதற்கு நீண்ட வரலாறு உண்டு. தன் மெமரியிலேயே வைப்பது எளிது. சர்வர் இரண்டானதும் அது உடையும்: முதல் அழைப்பு ஒன்றுக்குப் போய் டோக்கன் வாங்கும், இரண்டாம் அழைப்பை, வேலையைச் சர்வர்களுக்குப் பங்கிடும் லோட் பேலன்சர் மற்றொன்றுக்கு அனுப்பும், அதற்கு இந்த எண் தெரியாது. ஒரே ஆளை எப்போதும் ஒரே சர்வருக்கு அனுப்பும் ஒட்டுச் செஷன் முறை உண்டு. ஆனால் அதையும் பல லோட் பேலன்சர்கள் தங்கள் சொந்தக் குக்கீ ஒன்றை வைத்துத்தான் செய்கின்றன. செஷன் எண்ணை மட்டும் கவனமாக எடுத்துவைத்து, லோட் பேலன்சரின் குக்கீயைத் தூக்கி எறியும் புரோகிராமுக்குச் சில அழைப்பு வெற்றி, சில தோல்வி என்று பேய் பிடித்ததுபோல் நடக்கும். வந்த எல்லாக் குக்கீயையும் வைத்துக்கொள்ளுங்கள். செஷன்களை ரெடிஸ் போன்ற பொதுக் கிடங்கில் வைத்து எந்தச் சர்வரும் படிக்கலாம் என்று செய்வது இன்று வழக்கமாகிவிட்டது. அந்தக் கிடங்கு விழுந்தால் எல்லோரும் ஒன்றாக வெளியே வருவார்கள் என்பதைத் தவிர அதில் எனக்குப் பெரிய குறை இல்லை. பி.எச்.பி.யில் கோப்பில் வைத்தால் ஒரு செஷனை ஒரு நேரத்தில் ஓர் அழைப்புதான் திறக்க முடியும். தொலைதூர அழைப்பு மூன்று வினாடி எடுத்தால், அதே ஆளின் மற்ற அழைப்புகள் பூட்டுக்கு வெளியே வரிசையில் நிற்கும். வெளியே அழைப்பதற்கு முன் செஷனை எழுதி மூடிவிட வேண்டும்.

2000-இல் ராய் ஃபீல்டிங் தன் முனைவர் பட்ட ஆய்வேட்டில் ரெஸ்ட் என்று பெயர் வைத்த கட்டமைப்பின் நிபந்தனைகளில் ஒன்று, ஒவ்வொரு அழைப்பும் தன்னைப் புரிந்துகொள்ள வேண்டிய எல்லாவற்றையும் தானே சுமந்து வர வேண்டும் என்பது. சர்வர் பழைய உரையாடலை நினைவில் வைத்திருக்கக் கூடாது. இதன் நடைமுறை வடிவமாகப் பலர் இன்று கையில் எடுப்பது 2015-இல் ஆர்.எஃப்.சி. 7519 என்ற இணையத் தர ஆவணமாக வெளியான ஜே.டபிள்யூ.டி. என்ற டோக்கன். அது செருப்பு டோக்கன் இல்லை. விரதம் தொடங்கும்போது மணிக்கட்டில் கட்டும் காப்பு போன்றது. காப்பைப் பார்த்தாலே விரதக்காரர் என்று தெரிந்துவிடும். எந்த ஊர்க் கோயிலில் இருப்பவரும் கட்டிய கோயிலுக்கு ஆள் அனுப்பிக் கேட்க வேண்டியதில்லை. டோக்கனுக்குள்ளேயே யார், எதற்கு அனுமதி, எதுவரை செல்லும் என்று எழுதி, மாற்ற முடியாதபடி கையொப்பமும் இருக்கும். கிடங்கு தேவையில்லை.

ஆனால் காப்பை இங்கிருந்தபடி அவிழ்க்க முடியாது. பதிவு வேலையிலிருந்து ஒருவரை நிறுத்திவிட்டோம், அல்லது டேப்லெட் ஒன்று திருடு போய்விட்டது. அந்த டோக்கன் தன் காலம் முடியும்வரை எல்லா இடத்திலும் செல்லும். தடுக்க வேண்டுமென்றால் ‘செல்லாதவை’ என்று ஒரு பட்டியல் வைத்து ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்தால் கிடங்கு திரும்ப வந்துவிட்டது. அதனால்தான் சில நிமிடங்களே வாழும் டோக்கனும், அதைப் புதுப்பித்துக்கொள்ள நீண்ட நாள் வாழும் இன்னொரு டோக்கனும் என்ற இரட்டை ஏற்பாடு. 2012-இல் வந்த ஓ.ஆத் 2.0 என்ற அனுமதி வழங்கும் நெறிமுறை இதற்கு வழி வகுத்தது. காலக் கணக்கில் இன்னொரு பொறி: ஜே.டபிள்யூ.டி.யின் காலாவதி நேரம் உலகப் பொது நேரத்தில் வினாடிகளாக எழுதப்படும். மொரீஷியஸ் அதற்கு நான்கு மணி நேரம் முன்னால். உள்ளூர் நேரத்தைப் பொது நேரமென்று எழுதிவிட்டால், பத்து நிமிட டோக்கன் நான்கு மணி பத்து நிமிடம் வாழும். எல்லாம் ஒழுங்காக ஓடுவதால் யாரும் கவனிக்க மாட்டார்கள்.

பாதுகாப்பைப் பற்றிச் சுருக்கமாக. டோக்கனை வைத்திருப்பவர்தான் உரியவர் என்பதால், அது கடவுச்சொல்லுக்குச் சமம். 2010 அக்டோபரில் எரிக் பட்லர் ஃபயர்ஷீப் என்ற சிறு கருவியை வெளியிட்டார். ஒரே வைஃபையில் இருக்கும் மற்றவர்களின் செஷன் குக்கீயைப் பிடித்து ஒரு சொடுக்கில் அவர்களாகவே உள்ளே போகலாம் என்று அது உலகுக்குக் காட்டியது. லாகின் பக்கத்தை மட்டும் மறைகுறியாக்கி மற்றதைத் திறந்தே விட்டிருந்த தளங்கள் பிறகுதான் விழித்துக்கொண்டன. வெப் சர்வீஸில் இதற்கு நிகரான தவறு, செஷன் எண்ணை முகவரியிலேயே சேர்த்து அனுப்புவது. முகவரி, அதைக் காணும் சர்வர்களின் பதிவேடுகளில் எழுதப்படக்கூடும். அழைப்போடு போகும் ஹெடர் என்ற தலைப்புப் பகுதியில் வையுங்கள், உங்கள் பதிவேட்டிலும் முழு எண்ணை எழுதாதீர்கள். லாகினுக்கு முன்பிருந்த எண்ணையே பின்பும் தொடராமல், லாகின் ஆனதும் புது எண் கொடுங்கள். வரிசை எண் கூடாது. யூகிக்க முடியாத நீண்ட எண் வேண்டும். யார் விரதம், யார் எவ்வளவு நன்கொடை என்பது ஒருவரின் சமய வாழ்க்கையைப் பற்றிய தகவல். மொரீஷியஸின் 2017 தரவுப் பாதுகாப்புச் சட்டமும் சமய நம்பிக்கை பற்றிய தகவலைத் தனிக் கவனம் வேண்டிய வகையில்தான் வைத்திருக்கிறது. கோயில்தானே என்று அசட்டையாக இருக்க இடமில்லை.

அந்த ஆண்டுத் தைப்பூசத்தை ஒட்டுப்போட்டு ஓட்டினோம். முடிந்த பிறகு உட்கார்ந்து யோசித்தபோது எனக்கு ஒன்று தெளிவானது. நாங்கள் செஷனுக்குள் இரண்டு வேறு பொருள்களைப் போட்டுக் கட்டியிருந்தோம். ‘இவர் யார்’ என்பது ஒன்று. ‘இவர் பாதி முடித்த வேலை’ என்பது மற்றொன்று. முதலாவது சீக்கிரம் காலாவதியாவது நல்லது. இரண்டாவது காலாவதியாகவே கூடாது. அந்த அக்காவை மறுபடி யார் நீ என்று கேட்டதில் குற்றமில்லை. அவர் எழுதிய பதினான்கு பெயரைக் கீழே போட்டதுதான் குற்றம். 1994-இல் எம்.சி.ஐ. சொன்னதும் கிட்டத்தட்ட இதுதான்: பாதி வேலையை எங்கள் சர்வரில் சுமக்கச் சொல்லாதீர்கள்.

எனவே பாதி வேலையைச் செஷனிலிருந்து பிரித்தோம். ஒரு குடும்பத்தின் பதிவைத் தொடங்கும்போதே டேப்லெட் அதற்கென ஒரு தனி எண்ணை உருவாக்கும். ஒவ்வொரு பெயரும் எழுதியவுடன் டேப்லெட்டிலேயே சேமிக்கப்படும். அனுப்பும்போது அந்த எண் கூடவே போகும். செஷனில் இருப்பது ஆள் யார் என்பது மட்டும்.

அந்தத் தனி எண் இன்னொரு தொல்லையையும் தீர்த்தது. அந்த முதல் ஆண்டில் சில குடும்பங்கள் இரண்டு முறை பதிவாகியிருந்தன. அழைப்பு போய்ச் சேர்ந்து, பதிவும் ஆகி, ‘ஆயிற்று’ என்ற பதில் மட்டும் வழியில் தொலைந்தால், அழைத்தவர் தோல்வி என்றே நினைப்பார், மறுபடி அனுப்புவார். பெயரை வைத்து இரட்டைப் பதிவைக் கண்டுபிடிக்க இங்கே முடியாது. ராம்சாமி, வீராசாமி, மூத்தூ என்று ஊரில் பாதிப் பேருக்கு ஒரே குடும்பப் பெயர். அதையும் பிரெஞ்சு எழுத்துக்கூட்டலில் வீட்டுக்கு ஒரு விதமாக எழுதுவார்கள். வேலைக்கென்று ஓர் எண் இருந்தால், அதே எண் இரண்டாம் முறை வரும்போது சர்வர் புதிதாக எதுவும் செய்யாமல் பழைய பதிலையே திருப்பிச் சொல்லும். பிரான்ஸ் சர்வீஸ் பழையது, அதை மாற்ற முடியாது. ஆகவே அந்தச் சரிபார்ப்பை எங்கள் சர்வரிலேயே வைத்தோம். அனுப்புவதற்கு முன் குறித்துவைத்து, பதில் வராவிட்டால் முதலில் அங்கே பதிவு இருக்கிறதா என்று தேடிப் பார்த்து, இல்லையென்றால்தான் மறுபடி அனுப்பும்.

2024-இல் தைப்பூசம் ஜனவரி 25. அதற்குப் பத்து நாள் முன், ஜனவரி 15 அன்று, பெலால் புயல் வந்தது. போர்ட் லூயிஸ் தெருக்களில் வெள்ளம் கார்களை இழுத்துக்கொண்டு போனது. எங்கள் பகுதியில் மின்சாரம் போயிற்று, இணையமும் போயிற்று. முன்பதிவு முந்தைய வாரமே தொடங்கியிருந்தது. டேப்லெட்டுகளில் அனுப்பப்படாத குடும்பங்கள் நின்றன. மின்சாரம் வந்ததும் கோயில் அலுவலகத்தைத் திறந்து ஒவ்வொன்றாக இயக்கினோம். முதலில் லாகின் கேட்டது. அந்த அக்கா கடவுச்சொல்லைப் போட்டார். அவர் புயலுக்கு முன் பாதியில் விட்ட குடும்பம், எட்டுப் பேரோடு, அப்படியே திரையில் வந்து நின்றது. ஒன்பதாவது பெயர் என்ன என்று கேட்க, அவர் அந்த வீட்டுக்குப் போன் போட்டார்.